பொய்ப் பாய்ச்சலும் மெய் ஆபத்தும்: காட்டுயிர்களின் மிரட்டல் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாசாங்கு மிரட்டல் என்றால் என்ன?

எதிரி நெருங்கும்போது ஒரு விலங்கு தனக்கு இல்லாத வலிமையை இருப்பதாகக் காட்டினாலும், தாக்கும் எண்ணமே இல்லாமல் தாக்க வருவதாகக் காட்டினாலும், அதைப் பாசாங்கு மிரட்டல் என்கிறோம். இவை இரண்டும் ஒன்றல்ல. காதுகளை விரித்துப் பிளிறியபடி ஓடிவந்து பாதி வழியில் நின்றுவிடும் யானைக்கு நம்மைக் கொல்லும் ஆற்றல் முழுமையாக உண்டு. அந்த நேரத்தில் எண்ணம் மட்டும்தான் இல்லை. வாயைப் பிளந்து, உடலை உப்ப வைத்துச் சீறும் பச்சோந்திக்கோ, எண்ணம் எதுவாக இருந்தாலும், நமக்குப் பெரிய தீங்கு செய்யும் ஆற்றல் கிடையாது. முன்னது எண்ணத்தைப் பற்றிய பொய். பின்னது ஆற்றலைப் பற்றிய பொய். இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பதால்தான் "அது சும்மா மிரட்டுகிறது" என்ற ஆபத்தான சொல் நம் வாயில் எளிதாக வந்துவிடுகிறது.

யானை போன்ற வலிமையான விலங்கு ஏன் பாசாங்கு செய்ய வேண்டும்? நேரடியாகத் தாக்கிவிடலாமே?

சண்டைக்கு எப்போதும் ஒரு விலை உண்டு. காட்டில் அந்த விலை மிக அதிகம். கால் சுளுக்கிக்கொண்ட மான் ஓட முடியாது, தாடை உடைந்த புலி வேட்டையாட முடியாது, ஆறாத புண் சீழ்பிடித்தால் மருத்துவம் பார்க்க ஆளில்லை. வெல்லப்போவது உறுதி என்று தெரிந்த விலங்குக்கும் வெற்றியின்போது ஏற்படும் சிறு காயம் பின்னாளில் உயிருக்கே உலை வைக்கலாம். அதனால் சண்டையின் பலனைச் சண்டையிடாமலே பெறும் வழி எதுவோ அதுவே இயற்கைத் தேர்வில் நிலைத்துவந்திருக்கிறது.

இந்தக் கணக்கைப் பரிணாம ஆய்வாளர்களான ஜான் மேனார்ட் ஸ்மித்தும் ஜார்ஜ் பிரைஸும் 1973இல் கணிதமாகவே எழுதிக் காட்டினார்கள். ஒரே இனத்து விலங்குகள் தங்களுக்குள் மோதும்போது உயிர்போகும்வரை சண்டையிடாமல் பெரும்பாலும் மிரட்டலோடு நிறுத்திக்கொள்வது இனத்தின் நலனுக்காகச் செய்யும் விட்டுக்கொடுத்தல் அன்று. ஒவ்வொரு தனி விலங்குக்கும் அதுவே கூடுதல் இலாபம் தருகிறது என்பது அவர்கள் எட்டிய முடிவு. வேறு இனத்து எதிரியை மிரட்டும்போதும் அடிப்படைக் கணக்கு இதுதான்.

யானை துரத்துவது பொய்யா மெய்யா என்பதை எப்படி அறிவது?

நீலகிரி, வால்பாறை, சத்தியமங்கலம் பகுதிகளில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. எச்சரிக்கையோடு விடை சொல்ல வேண்டிய கேள்வியும் இதுவே. பொதுவாக, மிரட்டும் யானை தன்னைப் பெரிதாகக் காட்டிக்கொள்ளும். தலையை உயர்த்தும், காதுகளைப் பக்கவாட்டில் விரித்து நிறுத்தும், பிளிறும், வாலை விறைப்பாகத் தூக்கும். அதற்கும் முன்பே பல சிறு குறிகள் தெரியும். முன்னங்காலால் மண்ணைச் சீய்த்துப் புழுதியைக் கிளப்பும். புல்லைப் பிடுங்கி, தின்னாமல் வீசும். ஒரு காலை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டே நிற்கும். மேய்வதுபோலத் தோன்றும், ஆனால் வாய் அசையாது. இவை யாவும் அந்த யானை இன்னும் முடிவெடுக்கவில்லை என்பதைக் காட்டுகின்றன. அதன் பிறகு சில எட்டுகள் வேகமாக ஓடிவந்து, புழுதி பறக்க நின்று, மீண்டும் நம்மைப் பார்க்கும்.

உண்மையாகத் தாக்க வரும் யானை பெரும்பாலும் இதற்கு நேர்மாறாக இருக்கும். துதிக்கையை உள்ளே சுருட்டிக்கொண்டு, காதுகளைப் பின்னுக்கு ஒட்ட வைத்து, தலையைத் தாழ்த்தி, பல நேரங்களில் சத்தமே இல்லாமல் வரும். காட்டிக்கொள்ள எதுவும் இல்லாததால் ஓசையும் தேவைப்படுவதில்லை.

ஆனால் இந்தக் குறிகளை மனப்பாடம் செய்துகொண்டு காட்டில் நின்று சோதித்துப் பார்க்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். மிரட்டலாகத் தொடங்கிய ஓட்டம் நடுவழியில் மெய்யான தாக்குதலாக மாறக்கூடும். எதிரில் நிற்பவர் கல்லெறிவதும், கூச்சலிடுவதும், அலைபேசியின் ஒளியைப் பாய்ச்சுவதும் அந்த மாற்றத்தைத் தூண்டலாம். மதம் பிடித்த ஆண் யானையிடமும், குட்டியுடன் இருக்கும் தாயிடமும் இந்தப் பொது விதிகள் எளிதில் பொய்த்துப்போகும். ஆசிய யானைகள் மணிக்கு ஏறத்தாழ 25 கிலோமீட்டர் வேகம் வரை ஓடுவது அளந்து காட்டப்பட்டிருக்கிறது. கரடுமுரடான நிலத்தில் பெரும்பாலான மனிதர்களால் அந்த வேகத்தில் ஓட முடியாது. முதல் குறி தெரிந்தவுடனேயே, யானை இன்னும் தொலைவில் இருக்கும்போதே, அதற்கு வழிவிட்டு வந்த வழியே திரும்பிவிடுவதுதான் சரி. காது எந்தப் பக்கம் மடங்குகிறது என்று பார்க்கும் தொலைவுக்கு வந்துவிட்டோம் என்றால் நாம் ஏற்கெனவே தவறான இடத்தில் நிற்கிறோம்.

நல்ல பாம்பு படமெடுப்பது தாக்குவதற்கா?

இல்லை, விலக்குவதற்கு. கழுத்துப் பகுதியில் உள்ள நீண்ட விலா எலும்புகளை அகட்டித் தோலை விரிப்பதே படம். உடலின் முன்பகுதியை நிமிர்த்திப் படத்தை விரித்தவுடன், ஒடுங்கிய ஒரு தலை இருந்த இடத்தில் அகன்ற ஒரு பரப்பு நின்று நம்மைப் பார்க்கிறது. கூடவே சீற்றம். நெருங்கினால் ஒரு கொத்து வரும். அந்தக் கொத்திலும் பல முறை வாய் மூடியே இருக்கும், மூக்கின் நுனியால் முட்டிவிட்டுப் பின்வாங்கிவிடும். எண்ணத்தைப் பற்றிய பாசாங்குக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு நம் ஊரில் இல்லை.

பாம்பின் பக்கத்திலிருந்து பார்த்தால் காரணம் விளங்கும். நஞ்சு என்பது எலியையும் தவளையையும் வீழ்த்துவதற்காக உடல் செலவழித்துச் சேர்த்து வைத்திருக்கும் பொருள். மனிதனை அதனால் விழுங்க முடியாது. நம்மீது செலவழிக்கும் நஞ்சு அதற்கு நட்டம். கடிக்க அருகில் வந்தால் மிதிபடவும் அடிபடவும் வாய்ப்புண்டு. படமெடுத்தே காரியம் முடிந்துவிட்டால் இரு தரப்புக்கும் சேதாரம் இல்லை.

நல்ல பாம்பு கடித்தும் நஞ்சை இறக்காமல் விடும் நிகழ்வுகளும் உண்டு. ஆனால் கடித்த இடத்தைப் பார்த்து அதை யாராலும் சொல்ல முடியாது; மருத்துவமனையில் கண்காணிப்பில் இருந்தால்தான் தெரியும். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்திருக்கிறார்கள் என்ற மதிப்பீடு 2020இல் வெளியானது. "பொய்க்கடியாக இருக்கும்" என்று வீட்டில் காத்திருப்பதற்கு அந்த எண்ணிக்கை இடம் கொடுக்கவில்லை.

தண்ணீர்ப் பாம்பும் படமெடுக்கிறதே?

தண்ணீர்ப் பாம்பு சினமுற்றால் கழுத்தைத் தட்டையாக்கி முன்னுடலைத் தூக்கிச் சீறும். தொலைவிலிருந்து பார்ப்பவருக்குச் சிறிய நல்ல பாம்பாகவே தோன்றும். அதன் கடியால் மனிதருக்கு நஞ்சேறும் ஆபத்து இல்லை. இது ஆற்றலைப் பற்றிய பாசாங்கு. பச்சைப் பாம்பு வேறொரு உத்தியைக் கையாள்கிறது: உடலை உப்ப வைத்துச் செதில்களை விலக்கி, அவற்றின் இடையே மறைந்திருக்கும் கறுப்பு வெள்ளைக் கோடுகளை வெளிக்காட்டி, வாயை அகலத் திறந்து நிற்கும். வீடுகளுக்குள் அடிக்கடி வரும் வெள்ளிக்கோல் வரையனுக்கு எந்தச் செய்கையும் தேவையில்லை. கட்டுவிரியனை நினைவூட்டும் வெண்பட்டைகள் பிறவியிலேயே அதன் உடலில் இருக்கின்றன.

கொன்று தின்னும் பறவைகளையும் கீரிகளையும் ஏமாற்ற உருவான இந்த வேடங்களே, கையில் கம்போடு வரும் மனிதனிடம் இவற்றின் உயிருக்கு எமனாகின்றன என்பது வருத்தமளிக்கும் உண்மை. நஞ்சில்லாத பாம்புகள் நம் ஊர்களில் இத்தனை கொல்லப்படுவதற்கு இந்த ஒற்றுமையும் ஒரு காரணம். அதற்காக, "இது தண்ணீர்ப் பாம்புதான்" என்று சொல்லிக் கையால் பிடிக்கவும் வேண்டாம். பழகிய கண்ணுக்கே இந்த வேறுபாடு சில நேரம் தப்பிவிடும். விலகி நின்று, வனத்துறைக்கோ பயிற்சி பெற்ற பாம்பு மீட்பருக்கோ சொல்லிவிட்டால் போதும்.

வீட்டுத் தோட்டத்தில் இத்தகைய மிரட்டலைப் பார்க்க முடியுமா?

தாராளமாக. கறிவேப்பிலைச் செடியிலோ எலுமிச்சைச் செடியிலோ பச்சை நிறத்தில் தடித்த புழு ஒன்று இருந்தால், சற்று நேரம் ஒதுக்கிப் பாருங்கள். அழகி வகை வண்ணத்துப்பூச்சிகளின் புழு அது. இளம் பருவத்தில் பறவை எச்சம்போல இலைமேல் ஒட்டிக்கிடக்கும். அப்போது அதன் உத்தி மறைந்திருப்பது. முழுதாக வளர்ந்து பச்சையானதும் முன்னுடல் புடைத்து, அதன்மீது இரு கண்களைப் போன்ற அடையாளங்கள் தெரியும். உண்மையான தலை அதற்கும் கீழே, சிறிதாக, உள்ளே மடங்கியிருக்கும். மெல்லிய குச்சியால் அதன் முதுகைத் தொட்டால், தலைக்குப் பின்னாலிருந்து செந்நிறத்தில் இரட்டைப் பிளவுள்ள ஓர் உறுப்பு சட்டென்று வெளியே நீளும். பாம்பின் நாக்கை நினைவூட்டும் அந்த உறுப்பிலிருந்து நெடியும் வீசும். சில நொடிகளில் அது உள்ளே இழுத்துக்கொள்ளப்படும்.

கண்ணும் நாக்கும் பொய், நெடி மெய். அந்த நெடியில் உள்ள வேதிப்பொருள்கள் எறும்பு போன்ற சிறு எதிரிகளை உண்மையாகவே விரட்டுகின்றன. இவ்வாறு பொய்யும் மெய்யும் ஒரே செய்கையில் கலந்திருப்பதுதான் இயற்கையில் அதிகம் காணக்கிடைப்பது என்பதை இந்தச் சிறு புழுவிடமே கற்றுக்கொள்ளலாம். அரளியிலும் நந்தியாவட்டையிலும் வளரும் பருந்து அந்துப்பூச்சியின் புழு இன்னொரு எடுத்துக்காட்டு. தொந்தரவு செய்தால் தலையை உள்ளே மடக்கி, முதுகில் உள்ள இரு நீலக் கண்களை உப்ப வைத்து நிற்கும்.

பொய்க்கண்கள் உண்மையில் வேலை செய்கின்றனவா?

செய்கின்றன, சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். ஐரோப்பாவின் மயில் வண்ணத்துப்பூச்சி சிறகுகளை மூடியிருக்கும்போது காய்ந்த இலைபோல இருக்கும். பறவை அருகில் வந்தால் சிறகுகளைத் திடீரென விரித்து நான்கு பெரிய கண்களைக் காட்டும். 2005இல் வெளியான ஓர் ஆய்வில், புளூ டிட் என்ற சிறு பறவையின் முன்னால் இந்தப் பூச்சிகளை வைத்தார்கள். கண்கள் அப்படியே இருந்த 34 பூச்சிகளில் ஒன்றுதான் உணவானது. கண்களின் மேல் வண்ணம் பூசி மறைக்கப்பட்ட 20 பூச்சிகளில் 13 உணவாயின.

இதைவிட என்னை வியக்க வைத்தது போட்ஸ்வானா நாட்டின் ஒக்கவாங்கோ கழிமுகத்தில் நடந்த ஆய்வு. அங்கே சிங்கங்கள் மாடுகளை அடித்துவிடுவதும், மாடு இழந்தவர்கள் சிங்கங்களைக் கொல்வதும் தொடர்ந்து நடந்துவந்தன. ஆய்வாளர்கள் 14 மந்தைகளில் மொத்தம் 2,061 மாடுகளைத் தேர்ந்து, ஒரு பகுதி மாடுகளின் பின்புறத்தில் பெரிய கண்களை வரைந்தார்கள். ஒரு பகுதிக்கு வெறும் சிலுவைக் குறி. மீதிக்கு எதுவும் இல்லை. 4 ஆண்டுகளில், கண் வரையப்பட்ட மாடுகளில் ஒன்றுகூடக் கொல்லப்படவில்லை. எதுவும் வரையப்படாதவற்றில் 15 மாடுகளும், சிலுவைக் குறி இட்டவற்றில் 4 மாடுகளும் கொல்லப்பட்டன. பதுங்கி வந்து பாயும் விலங்கு, தன்னை இரை பார்த்துவிட்டதாக நினைத்தால் பெரும்பாலும் முயற்சியைக் கைவிட்டுவிடும் என்பதே இதன் அடிப்படை. சுந்தரவனத்தில் தேன் எடுக்கவும் மீன் பிடிக்கவும் செல்பவர்கள் 1980களில் தலையின் பின்புறம் மனித முக முகமூடி அணிந்ததும் இதே எண்ணத்தில்தான். எனினும் புலி நாளடைவில் பழகிக்கொள்ளும் என்ற கவலை அப்போதே எழுந்தது. மாடுகளின் விஷயத்திலும் அந்தக் கவலை நியாயமானதே.

எல்லோரும் பொய் சொன்னால் பொய் எடுபடாமல் போய்விடாதா?

இந்தத் துறையின் மையக் கேள்வி இதுதான். விடையைத் தேட மாண்டிஸ் இறாலைப் பார்ப்போம். நத்தை ஓட்டையே உடைக்கும் அளவுக்கு வலிமையாகக் குத்தக்கூடிய முன்கால்கள் கொண்ட இந்தக் கடலுயிர், பாறைப் பொந்துக்குள் வாழ்கிறது. பொந்துக்காக இவை ஒன்றோடொன்று மோதிக்கொள்கின்றன. வளர்வதற்காக ஓட்டை உரித்துப்போட்ட பின் சில நாட்களுக்கு இதன் உடல் முழுவதும் மென்மையாக இருக்கும். குத்தவும் முடியாது, குத்தைத் தாங்கவும் முடியாது. அந்த நிலையிலும், வேறொரு இறால் வாசலுக்கு வந்தால், முன்கால்களை அகல விரித்து வழக்கமான மிரட்டலைக் காட்டுகிறது. வந்த இறால் பல முறை திரும்பிப் போய்விடுகிறது. 1983இல் ரிக் ஸ்டீகரும் ராய் கால்ட்வெல்லும் இதைப் பதிவுசெய்தார்கள்.

திரும்பிப் போகும் இறால் ஏமாளி அன்று. எந்த ஒரு நாளிலும் பொந்துகளில் இருப்பவற்றில் பெரும்பாலானவை கெட்டி ஓட்டோடு, குத்தத் தயாராகவே இருக்கின்றன. மிரட்டலைப் பொய் என்று நினைத்துச் சோதிக்கப் போனால், பெரும்பாலும் அடிபட்டுத்தான் திரும்ப வேண்டும். பொய் சொல்பவை சிறுபான்மையாக இருக்கும்வரை, நம்பிவிடுவதே கேட்பவருக்கு இலாபம்.

இந்தியப் பெருங்கடல் கரைகளில், அலையாத்திச் சேற்றில் வாழும் ஒற்றைப் பெருங்கொடுக்கு நண்டுகளிடமும் இதைக் காணலாம். ஆண் நண்டு தன் பெரிய கொடுக்கை இழந்துவிட்டால் புதியது முளைக்கும். அளவில் பழையதைப் போலவே இருந்தாலும் அது எடை குறைந்தது, வலுவும் குறைந்தது. மோதினால் தோற்கும், ஆனால் பார்வைக்கு வேறுபாடு தெரியாததால் எதிரிகள் மோதாமலே விலகிவிடுகின்றன என்று 2000இல் வெளியான ஆய்வு காட்டியது.

வேட்டையாடுபவருக்கும் இரைக்கும் இடையே இன்னொரு காரணமும் சேர்கிறது. தவறாகப் பயந்த பறவைக்கு நட்டம் ஒரு வேளை உணவு. பயப்படாமல் தவறு செய்தால் நட்டம் உயிர். இந்த இரு தட்டுகளும் சமமில்லாததால் தரமற்ற பொய்யும் விலைபோகிறது.

அப்படியானால் எல்லா மிரட்டலும் பொய்தானா?

அப்படி எண்ணுவது பெருந்தவறு. ருவாண்டாவின் மலைக் கொரில்லாக்கள் மார்பில் அறைந்துகொள்வதை நெடுங்காலம் வெறும் ஆர்ப்பாட்டம் என்றே கருதினார்கள். அந்த ஓசையைப் பதிவுசெய்து, உடலளவோடு ஒப்பிட்டு 2021இல் வெளியான ஆய்வு, பெரிய ஆண்களின் ஓசை தாழ்ந்த அதிர்வெண்ணில் இருப்பதைக் காட்டியது. அடர்ந்த காட்டில், முகம் பாராமலே, தன் உடல் எவ்வளவு பெரியது என்பதை அது மெய்யாகவே அறிவிக்கிறது. முள்ளம்பன்றி முட்களைச் சிலிர்த்து, வாலில் உள்ள உள்ளீடற்ற முட்களைக் கலகலவென ஆட்டுவதும் மெய்யான எச்சரிக்கைதான். அலட்சியம் செய்த சிறுத்தைகளும் புலிகளும் முள் தைத்து முடமாகியிருக்கின்றன. கண்ணாடி விரியன் குக்கரில் ஆவி வெளியேறுவதுபோலச் சீறுவதும், சுருட்டை விரியன் பக்கச் செதில்களை உரசி ஓசை எழுப்புவதும் இதே வகை.

அமெரிக்கக் கண்டங்களின் கிலுகிலுப்பை விரியன் இரண்டையும் கலக்கிறது. நாம் நெருங்க நெருங்க அதன் வாலோசை நொடிக்கு 40 தட்டல்கள் வரை மெல்ல ஏறி, பிறகு திடீரென 60 முதல் 100 வரை தாவிவிடுகிறது. இந்தத் தாவலைக் கேட்பவர் பாம்பு தனக்கு மிக அருகில் வந்துவிட்டதாகக் கணிக்கிறார் என்று 2021இல் வெளியான இன்னோர் ஆய்வு காட்டியது. நஞ்சு மெய், தொலைவு மட்டும் பொய்.

சிறகு ஒடிந்ததுபோல நடிக்கும் பறவையும் இதில் சேருமா?

அது மிரட்டல் அன்று, திசைதிருப்பல். ஆனால் பாசாங்கில் அதற்கு நெருங்கிய உறவு. தரையில் முட்டையிடும் உப்புக்கொத்திகள், நாயோ நரியோ கூட்டை நெருங்கினால் ஒரு சிறகைத் தொங்கவிட்டு, தத்தித் தடுமாறிக் கூட்டுக்கு எதிர்த்திசையில் செல்லும். எளிதான இரை என்று எதிரி பின்தொடர்ந்து போதிய தொலைவு வந்ததும் பறந்துவிடும். ஆள்காட்டிக் குருவி பெரும்பாலும் நேரடி மிரட்டலையே விரும்பும்; கத்திக்கொண்டே தலைக்கு மேல் தாழப் பறந்து பாயும்.

விலங்குகள் தெரிந்தே பொய் சொல்கின்றனவா?

பெரும்பாலானவற்றில் அப்படிச் சொல்லத் தேவையும் இல்லை, ஆதாரமும் இல்லை. புழுவின் முதுகில் கண் வரைந்தது புழு அன்று. பல தலைமுறைகளின் தேர்வு. அச்சத்தில் பூனைக்கு மயிர் சிலிர்ப்பது, நமக்குப் புல்லரிப்பது போலவே, அதன் விருப்பத்துக்குக் கட்டுப்படாத நரம்புச் செயல். யானையிடமும் குரங்கிடமும் நிலைமை இவ்வளவு எளிதன்று. எதிரே நிற்பவரின் செய்கையைப் பார்த்து அடுத்த அடியை மாற்றிக்கொள்ளும் திறன் அவற்றுக்கு உண்டு.

குரங்கு பல்லைக் காட்டினால் மிரட்டுகிறது என்று பொருளா?

நாட்டுக்குரங்கு கண்ணை எடுக்காமல் முறைத்து, புருவத்தை உயர்த்தி, வாயை வட்டமாகத் திறந்தால் அது மிரட்டல். உதடுகளைப் பின்னுக்கு இழுத்துப் பல்வரிசையைக் காட்டுவது பெரும்பாலும் அச்சத்தின் குறி. அதைச் சிரிப்பு என்று நினைத்துக் குழந்தையை அருகில் நிறுத்திப் படம் எடுப்பவர்களைச் சுற்றுலாத் தலங்களில் பார்க்கிறோம். அஞ்சிய குரங்கும் கடிக்கும். உற்றுப் பார்க்காமல், உணவுப் பொருளை மறைத்துக்கொண்டு விலகிச் செல்லுங்கள்.

மிரட்டாமலே தாக்கும் விலங்குகள் உண்டா?

உண்டு. அவற்றைப் பற்றித்தான் கூடுதல் கவனம் தேவை. கரடி புற்றைத் தோண்டிக் கறையான் தின்னும் மும்முரத்தில் மனிதன் வருவதைக் கவனிக்காமல் இருந்துவிடும். மிக அருகில் திடுக்கிட்டால் மிரட்டலுக்கு நேரமே இல்லாமல் பாய்ந்துவிடும். கரடி உள்ள காட்டு வழியில் பேசிக்கொண்டே கூட்டமாக நடப்பது இதனால்தான். கொடைக்கானல், குன்னூர் தெருக்களில் உலவும் காட்டுமாடு, பக்கவாட்டில் திரும்பி நின்று தன் திமிலையும் உடற்பருமனையும் காட்டினால் அதுவே எச்சரிக்கை. அமைதியாக நிற்பதாக நினைத்து அருகில் போனவர்கள் குத்துப்பட்டிருக்கிறார்கள்.

எல்லாவற்றிலும் அஞ்ச வேண்டியது கட்டுவிரியன். படமெடுக்காது, உரக்கச் சீறுவதும் அரிது. இரவில் இரை தேடி வீட்டுக்குள் வந்து, தரையில் உறங்குபவரைக் கடித்துவிடும். கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ பெரிதாக இருக்காது. பலர் எறும்புக்கடி என்று திரும்பிப் படுத்துவிடுகிறார்கள். விடியற்காலையில் வயிற்றுவலி, இமைகள் தாமாகக் கீழிறங்குவது, விழுங்க முடியாமை ஆகியவை தோன்றினால், கடித்ததைப் பார்க்காவிட்டாலும் தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மழைக்காலத்தில் தரையில் படுப்பதைத் தவிர்த்துக் கட்டிலில் படுப்பதும், கொசுவலையின் ஓரங்களைப் பாய்க்கோ மெத்தைக்கோ அடியில் செருகிவிடுவதும் இந்தக் கடியைத் தடுக்கும் எளிய, பயன் கண்ட வழிகள்.